தெருவில் படுப்பவர்களுக்குக் குட்டி அறைகள்: மதுரையில் செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கக் கிளம்பும் குழுக்கள் நிறைய உண்டு. கொஞ்ச காலம் ஓடியவர்கள் ஒரு கட்டத்தில், "சாப்பாடு கொடுத்துட்டு நாம வீட்டுக்கு வந்துடுறோம், அவங்க அங்கேயேதான கிடக்காங்க" என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்புறம் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் கட்டும் குட்டி வீடுகளின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒரு பத்து ரூம் போட்டா என்ன?" என்று கேட்கிறார்கள். நான் வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்கு வெளியிலிருந்து உதவி செய்கிறவன். அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

குட்டி அறை என்று சரியாக எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவரோ ஒரு தம்பதியோ கால் நீட்டிப் படுத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகக்கூடிய தனி அறை. 60 சதுர அடியிலிருந்து 100 சதுர அடிக்குள் இருக்கும். கட்டில், ஒரு அலமாரி, லைட், ஃபேன், செல்லுக்கு சார்ஜ் போட ஒரு பிளக், அவ்வளவுதான். கழிப்பறை, குளியல், துவைக்கும் கல், சமையல் எல்லாம் பொதுவில். ஒரே காம்பவுண்டுக்குள் பத்துப் பதினைந்து அறைகள், வாசலில் ஒரு ஆள். வாடகை வீட்டுக்கோ சொந்த ஊருக்கோ போகும் வரை தங்குவதற்கு மட்டும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அங்கே நன்றாக நடக்கிறதா?

பரவியது அமெரிக்காவின் மேற்குக் கரையில். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 2000ஆம் ஆண்டின் கடைசியில், தெருவில் கூடாரம் போட்டுப் படுத்திருந்தவர்களே கூடி ஆரம்பித்ததுதான் டிக்னிட்டி வில்லேஜ். மறு வருஷம் நகர நிர்வாகம் விமான நிலையத்துப் பக்கம் இடம் கொடுத்தது. அதே மாநிலத்தில் யூஜீன் நகரில் 2013ல் ஆப்பர்ச்சூனிட்டி வில்லேஜ் வந்தது. சியாட்டிலில் லோ இன்கம் ஹவுசிங் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு நிறுவனம் இப்படிப் பல குடியிருப்புகளை நடத்துகிறது. அங்கே ஒரு அறை 8க்கு 12 அடி, தொழிற்கல்வி மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து அடித்துக் கொடுக்கிறார்கள். அந்த அளவு சும்மா வந்ததில்லை, 120 சதுர அடிக்குள் இருந்தால் அந்த ஊர் விதிப்படி அது வீடு என்ற கணக்கில் வராது, அனுமதிச் சிக்கல் குறையும். லாஸ் ஏஞ்சலஸில் 2021ல் நார்த் ஹாலிவுட் பகுதியில் தொடங்கியதில் பேலட் என்ற நிறுவனம் செய்த 64 சதுர அடி அறைகளை இறக்கினார்கள். பேனல்களாக லாரியில் வரும், ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வைத்துவிடலாம்.

நன்றாக நடக்கிறதா என்றால், தெருவை விட நூறு மடங்கு தேவலை. ஆனால் அங்கேயும் பெரிய குறை, உள்ளே வந்தவர் வெளியே போக வழியில்லாதது. வாடகை கட்டுப்படியாகும் வீடே ஊரில் இல்லையென்றால் தற்காலிகம் என்று போட்டது வருஷக்கணக்கில் நீளும். பின்லாந்து இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 2008 முதல் படுக்கை வரிசை போட்ட பழைய விடுதிகளைக் குறைத்து, அவற்றில் பலவற்றையே தனித்தனி வாடகைக் குடியிருப்புகளாக மாற்றி, சாவியை முதலில் கொடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று செய்தார்கள். அதற்கு அரசாங்கம் வீடு கட்டித்தர வேண்டும். நம்மைப் போன்ற குழுக்கள் கையில் அது இல்லை.

மதுரையில் வெளியில் படுப்பவர்கள் யார்? பெரும்பாலும் பிச்சை எடுப்பவர்கள்தானே?

இந்த எண்ணத்தோடு ஆரம்பித்தால் திட்டமே கோணலாகப் போகும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பெரியார் பேருந்து நிலையம், ஜங்ஷன் வாசல், சிம்மக்கல், யானைக்கல், மாசி வீதிகளின் கடைத் திண்ணைகள், மாட்டுத்தாவணி, ராஜாஜி ஆஸ்பத்திரி சுவரோரம் என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள், பேசிப் பாருங்கள். லோடு இறக்குபவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், புரோட்டா மாஸ்டர், சப்ளையர், சித்தாள் வேலைக்கு வந்தவர், குப்பையில் பாட்டில் பொறுக்குபவர் என்று உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் நிறைய. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள். சம்பாதிப்பதில் பாதி ஊருக்குப் போகிறது, பாக்கியில் வாடகை கொடுத்தாலும் அட்வான்ஸ் கொடுக்க முடியாது, கொடுக்க முடிந்தாலும் தனி ஆம்பளைக்கு, அதுவும் ஆதார் தொலைத்தவருக்கு, யாரும் வீடு தருவதில்லை.

ஆஸ்பத்திரி வாசல் கூட்டம் தனி. தென் மாவட்டங்களிலிருந்து பெரிய கேஸ் எல்லாம் ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறது, நோயாளி உள்ளே இருக்க, துணைக்கு வந்தவர்கள் வெளியே நாள்கணக்கில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். அவர்களுக்கு வீடு உண்டு, இங்கே படுக்க இடம்தான் இல்லை. பிள்ளைகளோடு சண்டை போட்டு வந்த பெரியவர்கள், கொண்டுவந்து விடப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். மனநலம் குன்றி அலைபவர்கள் இருக்கிறார்கள். குடியில் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். பலூன், பொம்மை விற்க வரும் குடும்பங்கள் குழந்தைகளோடு வருகின்றன. இத்தனை பேருக்கும் ஒரே அறை, ஒரே விதி என்று யோசிக்கவே முடியாது.

நாடு முழுக்க 2011 கணக்கெடுப்பில் வீடற்றோர் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அந்த எண்ணிக்கையைப் பிப்ரவரி 28 ராத்திரி ஒரே இரவில் எடுத்தார்கள். நடைபாதை, மேம்பாலத்தடி, பெரிய குழாய்கள், ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் எல்லாம் தேடினார்கள். ஒரு ராத்திரியில் கண்ணில் பட்டவர்கள் அவ்வளவு, படாதவர்களை யார் எண்ணுவது?

மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் இருக்கின்றனவே, அப்புறம் எதற்கு இது?

இருக்கின்றன, தொண்டு நிறுவனங்களின் கையில் கொடுத்து நடத்துகிறார்கள், இலவசம். உங்கள் குழு முதலில் செய்ய வேண்டியது அங்கே போய்ப் பார்ப்பதுதான். கட்டில் காலியாக இருக்கும் நாளும் உண்டு, அதே ராத்திரி அரைக் கிலோமீட்டர் தள்ளி ஆட்கள் பிளாட்பாரத்தில் படுத்திருப்பதும் உண்டு. ஏன் வரவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் எல்லாம் நியாயமானவை.

"அண்ணே, அங்க வந்தா என் வண்டிய யாரு பாக்குறது?" என்பார் டிரைசைக்கிள் ஓட்டுகிறவர். ராத்திரி விழித்துக் கழிவறைக்குப் போய் வருவதற்குள் பையும் செல்லும் போய்விடும் என்ற பயம் இன்னொருவருக்கு. புருஷன் பொண்டாட்டியாக வந்தால் அவர் ஆண்கள் காப்பகத்துக்கு, அந்தம்மா பெண்கள் காப்பகத்துக்கு. அதைவிட இருவரும் சேர்ந்து மண்டபத்தடியிலேயே படுத்துக்கொள்வார்கள். மார்க்கெட்டில் விடிகாலை மூன்று மணிக்கு லோடு வரும், காப்பகக் கேட்டை ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்றால் அந்த ஆள் எப்படி வருவார்?

கதவு, பூட்டு, சாமான் வைக்க இடம், தம்பதி சேர்ந்திருப்பது. பெரிய ஹாலில் கிடைக்காதது இவைதான், குட்டி அறையின் மொத்த அருமையும் இவ்வளவுதான். அதனால் என் யோசனை, முதல் வருஷம் புதிதாக எதையும் கட்டாதீர்கள். ஏற்கெனவே நடக்கும் காப்பகத்தில் ஆளுக்கு ஒரு இரும்புப் பெட்டியும் பூட்டும் கொடுங்கள், வண்டி நிறுத்தச் சங்கிலி போட்ட இடம் ஒன்று செய்யுங்கள், ஹாலில் ஆறடி உயரத்துக்குத் தடுப்பு வைத்துத் தம்பதிகளுக்கு நாலு அறை பிரியுங்கள். பத்து அறை கட்டும் காசில் இதைப் பல மடங்கு பேருக்குச் செய்யலாம். பிடிக்காத பதில் என்று தெரியும், ரிப்பன் வெட்ட ஒன்றும் இருக்காது.

சட்டப்படி எவ்வளவு இடம் இருக்க வேண்டும்?

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010ல் சொன்னது: 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில், லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் முழுக்க, 24 மணி நேரமும். பிறகு 2013ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் அளவு, ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று வைத்தார்கள். மதுரை மாநகரம் 2011லேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் ஆயிரம் பேருக்காவது இடம் வேண்டும், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 50 சதுர அடி என்ற அளவை உங்கள் அறைக்கும் வையுங்கள்: ஒருவருக்கு 8க்கு 8, தம்பதிக்கு 10க்கு 10. 64 சதுர அடியில் இரண்டு கட்டிலைத் திணிக்கும் அமெரிக்க வேலை நமக்கு வேண்டாம், இங்கே அடிக்கும் வெயிலுக்கு அது தாங்காது.

இடம் எங்கே கிடைக்கும்? வைகைக் கரையில் சும்மாதானே கிடக்கிறது?

அது சும்மா கிடக்கவில்லை, அது ஆறு. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது, அப்புறம் தண்ணீர் திறந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் இது எந்த ராத்திரியும் நடக்கலாம். கண்மாய்க் கரையும் அப்படித்தான், நீர்நிலைப் புறம்போக்கில் எதை வைத்தாலும் ஒருநாள் ஜேசிபி வரும், ஏழைகளுக்காக வைத்தோம் என்பது பதிலாகாது.

ஊருக்கு வெளியே யாராவது அரை ஏக்கர் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். வேலை யானைக்கல்லில், படுக்கை ஒத்தக்கடை தாண்டி என்றால் யாரும் வரமாட்டார்கள், கடைசி பஸ்ஸும் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், மார்க்கெட் பக்கம் இருக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. நடக்கிற காரியம் என்று பார்த்தால், மாநகராட்சியின் பயன்படாத பள்ளிக் கட்டடம், பழைய சமுதாயக் கூடம், தேவாலயம் அல்லது தர்காவின் காலி வளாகம், நகைக்கடைக்காரர் யாராவது வைத்திருக்கும் பூட்டிய குடோன். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை, அது நீண்ட கதை. எதுவானாலும் வாய்வார்த்தையில் இறங்காதீர்கள், எத்தனை வருஷம், காலி செய்யச் சொன்னால் எத்தனை மாத அவகாசம் என்பதை எழுதி வாங்குங்கள். அமெரிக்காவின் அந்த 120 சதுர அடிச் சலுகை இங்கே செல்லாது, 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி மாநகராட்சியில் கேட்டுவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

எதை வைத்துக் கட்டுவது? போர்ட்டா கேபின் (தகரத்தில் செய்து வரும் ரெடிமேட் அறை) வாங்கி இறக்கினால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். சித்திரையில் வெயில் சதம் அடிக்கும்போது மதியம் அதற்குள் போய் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் தகரம் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு அந்த ஆள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார், நீங்கள் கேபின் வாங்கிய காசு அங்கே காலியாக நிற்கும். உள்ளே நுரை வைத்த பஃப் பேனல் கேபின்கள் சூடு தடுக்கும், ஆனால் அந்த நுரை தீப்பிடிக்கும் சாமான். வாங்கத்தான் வேண்டுமென்றால் ராக்வூல் (தீப்பிடிக்காத கல் பஞ்சு) அடைத்த பேனலைக் கேளுங்கள்.

நம்மூருக்கு ஹாலோ பிளாக் சுவரும் ஓட்டுக் கூரையும்தான் எனக்குப் பிடிக்கும். எதிரெதிரே ஜன்னல், மேலே காற்று போக ஓட்டைச் செங்கல், ஜன்னலில் கொசுவலை. தரை ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டடி உயரம், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. முன்னால் எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு தாழ்வாரம். பெரியவர்கள் பாதி நாள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

தகரத்துக்கு மேல் கீற்று வேய்ந்தால் குளுகுளு என்று இருக்கும் என்று யாராவது சொல்வார்கள், இருக்கும்தான். ஆனால் நாம் ஏர்வாடிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் பேசக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது, உள்ளே சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள், 28 பேர் செத்துப்போனார்கள். மூன்று வருஷம் கழித்து 2004 ஜூலை 16ல் கும்பகோணம் பள்ளியில் சமையல் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள். இரண்டும் கீற்று, இரண்டும் வெளியே ஓட வழியில்லாத இடம். ஆகவே கீற்று கூடாது, அறைக்குள் அடுப்பு கூடாது, கொசுவத்திச் சுருள் கூடாது (மெத்தையில் பொறி விழுந்தால் போதும்), வயரிங்கில் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம், அறைக்கும் அறைக்கும் நடுவில் முழுச் சுவர், காம்பவுண்டுக்கு இரண்டு கேட். வெளியிலிருந்து பூட்டி ஒருவரை உள்ளே வைக்கும் வழக்கம், எந்தக் காரணத்துக்காகவும், ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம்.

கழிப்பறை?

பத்துப் பேருக்கு ஒன்றாவது, பெண்களுக்குத் தனியாக, உள்ளே லைட்டோடு. ஒன்றாவது வெஸ்டர்ன், கைப்பிடியோடு, இடுப்பு ஒடிந்த பெரியவர்கள் வருவார்கள். தண்ணீருக்குப் போர் போட்டால் உப்பாக வந்தாலும் வரும், மாநகராட்சி இணைப்பு கிடைத்தபிறகு ஆட்களைச் சேருங்கள். சுத்தம் செய்யச் சம்பள ஆள் வேண்டும், தங்கியிருப்பவர்களை முறைவைத்துக் கழுவச் சொன்னால் ஒரே வாரத்தில் சண்டை.

எவ்வளவு செலவாகும்?

கட்டுவதற்கு ஆகும் செலவைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அது ஒரு தடவையோடு முடிந்துவிடும், நன்கொடையும் அதற்குத்தான் சுலபமாகக் கிடைக்கும், பெயர்ப்பலகை போடலாமே. மாதாமாதம் ஓடுவதைப் பாருங்கள். 24 மணி நேரமும் ஆள் என்றால் மூன்று ஷிஃப்ட், மூன்று பேர் சம்பளம், லீவுக்கு மாற்று ஆள். பெண்கள் தங்கினால் ராத்திரிக்குப் பெண் பணியாளர். அப்புறம் சுத்தப் பணியாளர், கரண்ட் பில், செப்டிக் டேங்க் லாரி, மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, மெத்தை மாற்ற, பெயின்ட் அடிக்க. கரண்டைத் தற்காலிக இணைப்பு என்று வாங்கினால் கட்டணம் அதிகம், நிரந்தர இணைப்புக்குப் போங்கள். இரண்டு வருஷச் சம்பளத்துக்கு ஈடான பணம் வங்கியில் இல்லாமல் முதல் ஆளை உள்ளே கூட்டிவராதீர்கள். தெருவில் இருந்தவரை அறையில் ஆறு மாதம் வைத்துவிட்டு, காசு தீர்ந்துவிட்டது என்று மறுபடி தெருவுக்கு அனுப்புவது, தொடங்காமலே இருந்ததைவிடக் கொடுமை.

யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது?

குழந்தை தனியாக வந்தால் ஒரு ராத்திரிகூட நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். பெண்களுக்கான இல்லம் என்றால் 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட நிர்வாகத்திடம் பதிவும் உரிமமும் வேண்டும், முதியோர் இல்லத்துக்கும் பதிவு உண்டு.

மனநலம் குன்றியவர்களை மீட்கிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, முடிவெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு வீடியோ எடுப்பது இப்போது பெரிய சேவையாக ஓடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் வழி தெளிவாக இருக்கிறது: போலீஸ் அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஆதரவற்று அலைபவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். மதுரையில் ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போல இதே துறையில் வேலை செய்யும் அமைப்பும் இருக்கிறது. சிகிச்சை தொடங்கி, மாத்திரை ஒழுங்காகப் போட ஆரம்பித்தபிறகு அவருக்கு உங்கள் அறை நல்ல இடம்.

குடித்துவிட்டு வந்தால்?

வருவார்கள். குடித்தவருக்கு இடமில்லை என்று போர்டு வைத்தால் பாதிப் பேர் வெளியே, அதுவும் யாருக்கு இடம் மிக அவசியமோ அந்தப் பாதி. காம்பவுண்டுக்குள் குடிக்கக் கூடாது, பாட்டில் கொண்டுவரக் கூடாது, சத்தம் போட்டால் மறுநாள் பேச்சு, கை ஓங்கினால் வெளியே. இந்த அளவு விதி போதும். குடித்துவிட்டு வந்து பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை, தனி அறை இருப்பதன் லாபமே அதுதானே. ஒரு எச்சரிக்கை: வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கி, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. இங்கே வந்துட்டீங்கல்ல, இன்னையோட விட்டுடுங்க அண்ணே என்று சத்தியம் வாங்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

எத்தனை நாள் தங்க விடலாம்?

ஜங்ஷனுக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் வழிப்போக்கர்களுக்குக் கட்டியது. சத்திரங்களில் பொதுவாக மூன்று நாள்தான் கணக்கு. உங்கள் அறைக்கு அப்படி ஒரே கணக்கு ஒத்துவராது, ஆளைப் பொறுத்து மாறும். ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்தவருக்கு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் வரை. வேலை செய்கிறவருக்கு அட்வான்ஸ் சேரும் வரை. அவர் பெயரிலேயே போஸ்ட் ஆபீசில் கணக்கு தொடங்கி வாராவாரம் போடச் சொல்லுங்கள், உங்கள் கையில் வாங்கி வைக்காதீர்கள். முதியவர்களுக்குக் கெடு வைப்பதில் அர்த்தமில்லை, நல்ல முதியோர் இல்லத்திலோ குடும்பத்திலோ இடம் உறுதியாகும் வரை இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசுங்கள். அறைக்கு ஆள் சேர்ப்பதைவிட வாடகை வீடு தேடித் தருவதுதான் உங்கள் ஆட்களின் பெரும்பாலான நேரத்தைத் தின்னும், வீட்டுக்காரரிடம் நாங்கள் ஜவாப்தாரி என்று நீங்கள் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆதார், ஓட்டு, பென்ஷன் எல்லாம் வாங்கித் தர முடியுமா?

முடியும், அறைக்கு அடுத்து நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் படிவத்தில் போட்டோ ஒட்டிச் சான்று கொடுத்தால் அதை முகவரிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே ஆதார் எடுத்துத் தொலைத்தவர் என்றால் புதிதாக எடுக்க முடியாது, கைரேகை வைத்துப் பழையதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குத் தெருவில் படுப்பவருக்குக்கூட வழி இருக்கிறது: படிவம் 6ல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார், வேறு முகவரிச் சான்று கேட்கக் கூடாது. பல அலுவலர்களுக்கே இது தெரியாது, தேர்தல் ஆணைய உத்தரவை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போங்கள். முதியோர் உதவித்தொகை 2023ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக ஏறியது, ஆதாரும் வங்கிக் கணக்கும் இல்லாமல் அது வராது.

அக்கம்பக்கத்தார் விடுவார்களா?

முதலில் விடமாட்டார்கள். "எங்க தெருதான் கிடைச்சதா, பொம்பளப் பிள்ளைக இருக்குற இடம்" என்பார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டுவதில் பயனில்லை. கட்டட வேலை தொடங்குவதற்கு முன்பே கவுன்சிலரையும், தெருவில் நாலு பேர் மதிக்கிற ஆளையும், எதிர்வீட்டு அம்மாவையும் பாருங்கள், எத்தனை அறை, யார் பொறுப்பு, ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். கூப்பிட்டால் அந்த நம்பர் எடுக்கப்பட வேண்டும். வாசலில் கூட்டம் சேராமல், குப்பை கிடக்காமல், கேட் பக்கம் யாரும் பீடி குடித்துக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொண்டால் ஆறு மாதத்தில் பேச்சு அடங்கும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட அதே தெருக்காரர்கள் வருவதும் நடக்கும்.

சாப்பாடு நாங்களே போட்டுக்கொள்ளலாமா?

மதுரையில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் குறைவு. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. கோயில்களில் அன்னதானம். சித்திரைத் திருவிழாவில் ஒரே ஆள் கையில் நாலு பொட்டலம், பாதி ரோட்டில் கிடக்கும். உங்களுக்குத் தோன்றிய நாளில் பிரியாணி கொண்டுவந்து இறக்குவதைவிட, ராத்திரி வேலை முடிந்து பதினொரு மணிக்கு வருகிறவருக்கு மூடிவைத்த ஒரு தட்டும், வெந்நீரும், சர்க்கரைக்காரருக்குச் சோறு குறைத்துக் காயும் கிடைக்கிறதா என்று பாருங்கள். சிறியதாக ஒரு பொது அடுப்படி வைத்துவிட்டால் தாங்களே சமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு, சொந்தக் குழம்பு சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

போட்டோ எடுத்துப் போட்டால்தானே நன்கொடை வரும்?

கட்டடத்தை எடுங்கள், கணக்கைப் போடுங்கள், தங்கியிருப்பவர் முகத்தை வேண்டாம். ஊரில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

நாங்கள் நடத்தவில்லை, நடத்துகிறவர்களுக்குப் பணம் கொடுக்க நினைக்கிறோம். நல்ல அமைப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவுச் சான்று, 12ஏ, 80ஜி (இரண்டும் வருமான வரித் துறை தருவது), தர்ப்பண் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் தளத்தின் பதிவு எண்) எல்லாம் கேளுங்கள், வைத்திருப்பவர்கள் உடனே காட்டுவார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிவிலக்கு கிடையாது, வங்கி வழியாகக் கொடுங்கள். காகிதத்தைவிட முக்கியம், சொல்லாமல் போய்ப் பார்ப்பது. கழிப்பறையைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள், அதில் வந்தவர்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, எங்கே போனார்கள் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தங்கியிருப்பவரிடம் தனியாக, "ஐயா, வெளியே போகணும்னா விடுவாங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நிர்வாகி பதறினால் உங்கள் பணத்தை வேறு இடத்தில் கொடுங்கள். மொட்டையடித்து ஒரே நிறச் சட்டை போட்டு வரிசையாக உட்கார வைத்திருக்கும் இடம் என்றால் நான் கேள்வியே கேட்கமாட்டேன், திரும்பி வந்துவிடுவேன்.

ரோட்டில் ஒருவர் கிடப்பதைப் பார்த்தால் இப்போதைக்கு யாரைக் கூப்பிடுவது?

மயக்கம், காயம், காய்ச்சல் என்றால் 108. முதியவர் என்றால் 14567. பெண் ஆபத்தில் இருந்தால் 181, குழந்தை என்றால் 1098. மனநலம் பற்றி ஆலோசனை கேட்க 14416, ஆனால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் சொல்ல வேண்டும். கூப்பிடுவதற்கு முன்னால் அவரிடம் பெயர், ஊர் கேளுங்கள், தூங்குகிற ஆளாக இருந்தால் விட்டுவிடுங்கள், பகல் முழுக்க மூட்டை தூக்கியிருப்பார். ஆம்புலன்ஸ் வந்தால் உங்களில் ஒருவர் கூட ஏறிப் போங்கள். அட்டெண்டர் இல்லாத நோயாளிக்கு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும், மாத்திரைச் சீட்டை வாங்கவும், தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருக்காது, முதல் ராத்திரியாவது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.